காஸ்மாஸுக்கும் ராத்திரி வேண்டும்

எங்கள் பனியன் கம்பெனி பல்லடம் ரோட்டில் புதிதாக ஒரு யூனிட் கட்டியிருக்கிறது. அங்கே தோட்டம் போடப்போகிறார்களாம். "மயிலக்கா, காஸ்மாஸ் எப்படி வளக்கறதுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டிக்கறோம்" என்று அங்கிருந்து ஃபோன் செய்தார்கள். ஒரு பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். விதையைத் தூவு, தண்ணீர் தெளி, வாடியதைக் கிள்ளு என்று நாலு வரியில் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தால் எனக்கே சப்பென்று இருந்தது. இதற்காகவா இத்தனை வருஷம் வெயிலில் நின்றேன்? கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுகிறேன். நோட்டீஸ் போர்டில் இடம் பத்தாது. அது அவர்கள் பாடு.

என் பெயர் மயிலாத்தாள். பொங்கலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு இருந்தது. வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்தோம். கிணறு வற்றியது. போர் போட்டோம், புழுதி வந்தது. இன்னொரு போர் போட்டோம், இன்னும் நல்ல புழுதியாக வந்தது. அதற்குப் பிறகுதான் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். இந்தக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, விட்ட தையல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ட்யூப் லைட்டுக்குக் கீழே நாள் முழுக்க நின்று பார்த்துப் பார்த்து என் கண் மங்கிப்போனது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, கேட் ஓரம் இருந்த தொட்டிச் செடிகளில் களை பிடுங்குவேன். காட்டில் வளர்ந்த கை சும்மா இருக்குமா?

ஒரு நாள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"மயிலு, செக்கிங் டேபிள்ல ஓட்டையை விட்டுப்போடற. இங்க ஒரு கோரைப்புல்லக்கூட விட மாட்டேங்கற. நாளைல இருந்து தோட்டத்துக்கு வந்துரு."

அவர்தான் நாச்சிமுத்து சார், ஃபேக்டரி மேனேஜர். என் வேலை வாழ்க்கையில் எனக்கு மேலே பலபேர் இருந்தார்கள். நான் மேலதிகாரி என்று மனசில் வைத்திருப்பது இவர் ஒருவரைத்தான்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லாருமே ஆளுக்கு ஆள் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். இவர் அதைத் தலைகீழாக வைத்திருந்தார். மனசு நன்றாக இருந்தால் 'வா, போ, மயிலு' என்பார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். 'ஏனுங்க அம்மணி' என்று ஆரம்பித்துவிட்டால் கட்டிங் மாஸ்டர்கூட எழுந்து நிற்பார். 'தயவு செஞ்சுங்க' என்று வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கோ கதை முடிந்தது என்று அர்த்தம்.

காலையில் புரொடக்‌ஷன் மீட்டிங் நடக்கும். ஷிப்மெண்ட் ஏன் போகவில்லை, காலர் ஏன் கோணியது என்று ஒரே கூச்சல். அது முடிந்ததும் நேரே தோட்டத்துக்கு வருவார். சட்டைப் பையில் நூல் வெட்டும் சின்ன டிரிம்மர் எப்போதும் இருக்கும். டைலர்கள் பிசிறு வெட்ட வைத்திருப்பார்களே, அதுதான். பாத்திக்குள் காலை வைக்கவே மாட்டார். பாதையில் நின்றபடியே இடுப்பை வளைத்து, வாடிய பூவை டிரிம்மரால் ஒரு வெட்டு வெட்டி, கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பை புடைத்ததும் கோபம் இறங்கிவிடும். "சரி மயிலு, டீ குடிச்சியா?" என்பார். அவர் வீட்டுக்கார அம்மா துணி துவைக்கும்போது பையிலிருந்து பூச்சருகு கொட்டும் என்று என்னிடம் ஒருமுறை சலித்துக்கொண்டார்கள்.

காஸ்மாஸ் அவர் கொண்டுவந்ததுதான். தண்ணீர் லாரியில் வாங்கி ஊற்றும் ஊரில் ரோஜாவுக்கும் புல்தரைக்கும் எங்கே போவது? தண்ணீர் அதிகம் கேட்காத, பார்த்தால் மனசு நிறைகிற செடி ஏதாவது வேண்டும் என்று பல்லடம் பக்கம் ஒரு நர்சரியில் விசாரித்து ஒரு பொட்டலம் விதை வாங்கிவந்தார். கருகிப்போன சீரகம் போல இருந்தது. "இதுல என்ன வரும்?" என்று கேட்டேன். "வந்தாத் தெரியும்" என்றார்.

அந்த முதல் வருஷத்துக் கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விதை முளைத்தது. நூல் நூலாக இலை. கேரட் இலை மாதிரி, அதைவிட மெல்லிசு. பார்க்கவே பாவமாக இருந்தது. எனக்கு மட்டுமா, அந்த வழியாகப் போகிற எல்லாருக்கும் பாவமாக இருந்தது. எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம். ஒரு செடி ஒல்லியாக நின்றால் பொறுக்காது. கட்டிங் மாஸ்டர் வீட்டிலிருந்து ஆட்டு எரு வந்தது. டீ போடுகிற ஆத்தா கடலைப் புண்ணாக்கைக் கரைத்துக் கொண்டுவந்தது. வாட்ச்மேன் தன் பங்குக்கு யூரியா ஒரு கை. நானும் விடுவேனா? வெங்காயத்துக்கு வைக்கிற பக்குவத்தில் நன்றாக வைத்தேன்.

செடி என் தலைக்கு மேலே போனது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பூ? மொட்டுக்கூட இல்லை.

நாச்சிமுத்து சார் வந்து பாதையில் நின்றார். மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இது பூச்செடிங்களா, மாட்டுத் தீவனங்களா?"

மரியாதை ஏறிவிட்டது. எனக்கும் கோபம். நர்சரிக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆத்தா, இதுக்குச் சோத்தப் போட்டு வளத்திப்போட்டீங்க. காஸ்மாஸுக்குக் கொஞ்சம் பசி வேணுங்க. சரளை மண்ணு போதும். வயிறு ரொம்பினா அது எதுக்குங்க பூக்கோணும்?" என்றார்.

அடுத்த வருஷம் பட்டினி போட்டோம். இடுப்பு உயரம்தான் வளர்ந்தது. ரோஸும் வெள்ளையும் அடர் சிவப்புமாக அந்தப் பாத்தி பூத்தது பாருங்கள், டைலர்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றார்கள்.

இப்போது வேலை முறை. இதைத்தானே கேட்டார்கள்?

ஐப்பசி மழை ஓய்ந்ததும் செம்மண்ணும் சரளையும் கலந்த பாத்தியைக் கொத்திவிட வேண்டும். எரு வேண்டாம், யார் கொண்டுவந்தாலும் வாங்கிக் குரோட்டன்ஸுக்குப் போட்டுவிடுங்கள். விதையோடு மணல் கலந்து தூவி, நகக்கனத்துக்கு மண் போட்டு மூடி, பூவாளியால் தெளிக்க வேண்டும். குடிதண்ணீர் மெஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரை ஊற்றாதீர்கள், அது உப்பு, இலை நுனி கருகும். முளைத்தபின் முழத்துக்கு ஒரு செடி நிற்கிற மாதிரி கலைத்துவிட வேண்டும். பிடுங்க மனசு வராது, ஆனாலும் பிடுங்க வேண்டும். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விடும். அசுவினிப் பூச்சி ஒட்டினால் சோப்புத் தண்ணீர் போதும்.

தண்டு மெலிசு, காற்றுக்குச் சாயும். மூங்கில் குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் சரடு தண்டை அறுக்கும், தேங்காய் நாரு உரசும். கட்டிங்கில் மிஞ்சுகிற பனியன் துணியை நாடாவாக வெட்டி இரண்டு கையாலும் ஒரு இழு இழுத்தால் சுருண்டு கயிறாகிவிடும். குச்சியில் ஒரு சுற்று, நடுவில் ஒரு முறுக்கு, தண்டில் ஒரு சுற்று. செடி தடிக்கத் தடிக்க அதுவும் நெகிழ்ந்து கொடுக்கும். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரர்களுக்கும் இவ்வளவு நல்ல கயிறு இனாமாகக் கிடைக்காது. நமக்குக் கிடைக்கிறது, அனுபவியுங்கள்.

இனி பழனியம்மாள் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பழனியம்மாள் வெள்ளகோவில்காரி. ஓவர்லாக் மெஷினில் நல்ல டைலர். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். லைன் வீட்டில் ஒரு ரூமில் இரண்டுபேரும் குடியிருந்தார்கள். மெஷின் ஹாலில் பஞ்சுத் தூசி பறக்கும். பலபேருக்கு ஒன்றும் செய்யாது. இவளுக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இருமல், மூச்சிரைப்பு. இனி தூசி உள்ள இடத்தில் வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திருப்பூரில் தூசி இல்லாத வேலைக்கு எங்கே போவது? நாச்சிமுத்து சார் அவளைத் தோட்டத்தில் எனக்குத் துணையாகப் போட்டார். வெளிக்காற்றில் வந்த கொஞ்ச நாளில் இருமல் அடங்கியது.

ஆனால் வாயே திறக்க மாட்டாள். நான் பேசுவதற்கும் சேர்த்து அவள் மௌனமாக இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஆபீஸ் ஆள் வந்தால் செடி மறைவுக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்து கம்பெனியைப் பார்க்க ஆரம்பித்தார். சின்னவர் என்போம். வயசுக்கு 'கண்ணு' என்று கூப்பிட வேண்டியவர், பதவிக்கு சார். கெட்ட பிள்ளை இல்லை. எல்லாவற்றையும் வேகமாகச் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசி மழை ஓய்ந்து நாங்கள் விதை தூவிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"மயிலக்கா, பொங்கல் கழிச்சு ஆர்டர் குடுக்க ஒரு பெரிய பையர் வர்றாங்க. தோட்டத்தைக் காண்ட்ராக்ட்ல விட்டறலாம்னு இருக்கேனுங்க. பூத்த தொட்டியாவே கொண்டாந்து வெச்சிருவாங்க, வாடினா அவங்களே மாத்திருவாங்க. அவங்க ஆளுங்களே வந்துருவாங்க."

"அப்ப நாங்க?"

"உங்களுக்குத்தான் ரிட்டயர்மெண்ட் வந்துருச்சுங்களே. பழனியம்மா திரும்ப உள்ளே வந்துரட்டும்."

உள்ளே என்றால் மெஷின் ஹால். பழனியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். கையில் பூவாளி, தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். "பையர் வர்றன்னைக்கு இந்தப் பாத்தி பூத்து நிக்குமுங்க. காண்ட்ராக்ட்காரன் தொட்டி இதுக்குப் பக்கத்துல நிக்கறதுக்குக் கூச்சப்படும்" என்றேன்.

சின்னவர் சிரித்தார். "சரிங்க. அன்னைக்குப் பூ நின்னா காண்ட்ராக்ட் வேண்டாம். நிக்கலீன்னா மறுபடி பேச வேண்டாம். சரிங்களா?"

"சரிங்க" என்றேன். இதில் பந்தயம் கட்டியது என் வாய், வைத்தது பழனியம்மாளின் மூச்சு. அன்றைக்குச் சாயங்காலம் அவள், "அக்கா, பூத்துருங்களா?" என்று கேட்டாள். "பூக்காம எங்க போகும்" என்றேன்.

அந்த வருஷம் போல ஒழுங்காக நாங்கள் எந்த வருஷமும் வேலை செய்ததில்லை. மண் பக்குவம், கலைப்பு, கிள்ளல், கட்டு, எதிலும் குறை வைக்கவில்லை. எரு கொண்டுவந்தவர்களை விரட்டிவிட்டேன். கார்த்திகை முடியும் நேரம் வந்தது. வழக்கமாக அதற்குள் நுனியில் மிளகு போல மொட்டு உருளும். அந்த வருஷம் இல்லை. செடி பாட்டுக்கு இலை விட்டுக்கொண்டிருந்தது.

மார்கழி பிறக்கப் போகிறது, மொட்டு இல்லை. என்ன கெரகமோ என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் சாம்பல் போடச் சொன்னார், ஒருவர் மோர் தெளிக்கச் சொன்னார். பழனியம்மாள் ஒரு மூங்கில் குச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பார்த்தேன். வேர் சுத்தம், பூச்சி இல்லை, ஒரு நோவும் இல்லை. நாச்சிமுத்து சார் தினமும் வந்து நின்றார். வெட்ட வாடிய பூ இல்லாததால் டிரிம்மரைக் கையில் வைத்து டிக் டிக் என்று சும்மா அழுத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் விநோதமாக இருந்தது. பாத்தியின் கோடியில், இரும்பு ஸ்டாண்டில் நிற்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று செடியில் மட்டும் மொட்டு வந்திருந்தது. தொட்டி கசிகிறதோ என்று பார்த்தேன். கீழே மண் சுக்காகக் காய்ந்து கிடந்தது. பகலில் அங்கேயும் நல்ல வெயில்தான். மண்ணும் ஒரே மண்தான். பிறகு என்ன?

பழனியம்மாள் வேறு கம்பெனிகளில் வேலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தெரியாது என்று நினைத்தாள். கூட்டுகிற வேலை கிடைக்குமாம். கூட்டினால் கிளம்புவது என்ன? அதே பஞ்சுதான். சோற்றை வாயில் வைத்தால் எனக்கு இறங்கவில்லை.

தோட்டத்துக்குப் பின்னால் பெண்கள் ஹாஸ்டல். ஒரு மத்தியானம் தோட்டத்து பெஞ்சில் சுமித்ரா படுத்திருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த டைலர், தமிழை எங்கள் பிள்ளைகளைவிட வேகமாகப் பேசுவாள். கண்ணுக்கு மேலே கறுப்புப் பனியன் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, காய்ச்சலா?"

"இல்லீங்க அக்கா, தூக்கம். சாப்பாடு வேண்டாம், பத்து நிமிசம் தூங்கினாப் போதும்."

"ராத்திரி என்ன பண்ணீங்க? ஃபோன்ல படம் பாத்தீங்களா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "படமா! ராத்திரியே இல்ல அக்கா எங்களுக்கு. புது லைட்டு போட்டிருக்காங்க பாருங்க, நேரா ரூமுக்குள்ள அடிக்குது. எல்லா ஜன்னல்லயும் கறுப்புத் துணி கட்டியிருக்கோம். அப்பவும் வெளிச்சம். வார்டன் அக்காகிட்ட எத்தனை தடவை சொன்னோம். 'சேஃப்டிக்கு லைட்டு வேணும்'னு சொல்லிட்டாங்க." பிறகு பாத்தியைப் பார்த்துக் கிண்டலாகச் சொன்னாள்: "உங்க செடிக்கும் எங்க கதிதான் போல. அதுவும் தூங்கல, முகமே சரியில்ல."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனவள் தண்ணீர்த் தொட்டிக்குக் கிட்டே போனதும் நின்றுவிட்டேன்.

அந்த வருஷம் முன்பக்கம் புதுக் கட்டட வேலை நடந்ததால், பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற இடத்தைத் தோட்டத்துக்குப் பக்கவாட்டில் மாற்றியிருந்தார்கள். விடிய விடிய லோடு ஏறும். அதற்காக ஒரு கம்பத்தில் பெரிய ஃபோகஸ் லைட். நான் சாயங்காலம் வேலை முடிந்து போய்விடுகிறவள், அது எரிந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நாச்சிமுத்து சாரையும் பிடித்து நிறுத்திக்கொண்டேன். பழனியம்மாளும் நின்றாள். பொழுது சாய்ந்ததும் வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டார். அட கெரகத்த! பாத்தி முழுக்கப் பட்டப்பகல். இலை ஒவ்வொன்றையும் எண்ணலாம். தொட்டியின் நிழல் மட்டும் கறுப்பாகக் கோடியில் விழுந்தது. அந்த நிழலுக்குள், மொட்டு விட்ட அந்த மூன்று செடியும் நின்றன.

நாச்சிமுத்து சார் அங்கிருந்தே நர்சரிக்காரருக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னார். "அட, ஆமாங்க!" என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. "செவ்வந்தி போடறவங்க பூ தள்ளிப் போகோணும்னா ராத்திரி லைட்டுப் போடுவாங்களுங்க. காஸ்மாஸும் அந்தச் சாதிதானுங்க. அதுக்கு நீளமா இருட்டு வேணும். இருட்டு இல்லீன்னா இன்னும் பூக்கற காலம் வரலீன்னு நெனச்சுக்கும்."

அடுத்த நாள் காலை நாச்சிமுத்து சாரும் நானும் சின்னவர் ரூமுக்குப் போனோம். லைட்டை அணைக்க முடியாது, லோடு ஏற வேண்டும். வெளிச்சம் லாரி நிற்கிற இடத்தில் மட்டும் விழுகிற மாதிரி தகரத்தில் ஒரு மூடி அடித்து மாட்டலாம் என்பது நாச்சிமுத்து சார் யோசனை.

சின்னவர் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "பூவுக்காக லைட்ட மறைக்கறதுங்களா? சேஃப்டி என்னாகறது? பந்தயத்துல தோத்துப்போயிருவோம்னு மயிலக்கா ஏதோ சொல்றாங்க, நீங்களும் கூட வந்துட்டீங்களே?"

நாச்சிமுத்து சார் எழுந்து நின்றார். "தயவு செஞ்சுங்க" என்று ஆரம்பித்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். "தயவு செஞ்சுங்க, சாயங்காலம் ஒரு நடை ஹாஸ்டலுக்கு வாங்க. லைட்டு போட்டதுக்கப்புறம் வாங்க. பூவ விட்டுருங்க. அங்கிருக்கிற புள்ளைங்க ராத்திரி எப்படித் தூங்கறாங்கன்னு நீங்களே ஒருக்காப் பாத்துருங்க. அப்பறம் நீங்க என்ன சொன்னாலும் சரிங்க."

முதலாளி மகனிடம் அந்த மாதிரிக் குரலில் அவர் பேசி அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் சின்னவர் வந்தார். வார்டன் முன்னால் போய்ப் பெண்களிடம் சொல்லிவிட்டு வர, கீழே இருந்த பொது அறைக்குள் எல்லாரும் போனோம். விளக்குப் போடாமலே அறை வெளுத்துக் கிடந்தது. ஜன்னலில் ரிஜெக்ட் ஆன கறுப்புப் பனியன் துணி, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. கிளிப் குத்தி, அதற்கு மேலே சாக்கு. காற்றே இல்லை. மெஷினில் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவரைப் பார்த்ததும் எழுந்தார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"லைட்டு போட்டதுல இருந்து சார்" என்றாள் சுமித்ரா.

அவர் முகம் விழுந்துவிட்டது. வெளியே வந்து லைட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கே மூடி மாட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் மெயின்டெனன்ஸ் ஆள் தகரத்தை வளைத்து மூடி அடித்து மாட்டினார். அடுத்த நாள் காலை சுமித்ரா வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அக்கா, மணி அடிச்சதுகூடக் கேக்கல!" என்றாள். ஹாஸ்டலே அன்றைக்கு ஷிஃப்டுக்குத் தாமதமாம். யாரும் திட்டவில்லை.

பிள்ளைகள் அன்றைக்கே தூங்கிவிட்டார்கள். செடி அப்படியா? அதற்குக் கணக்கு வேறு. மார்கழி முழுக்க நானும் பழனியம்மாளும் காலையில் வந்ததும் முதல் வேலையாக நுனிகளைத்தான் பார்த்தோம். ஒரு நாள் அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். விரலால் காட்டினாள். மிளகு போல ஒன்று. பக்கத்தில் ஒன்று. பொங்கல் நோம்பிக்குத் திருப்பூரே காலியாகி ஆளாளுக்கு ஊருக்குப் போனபோது அவள் போகவில்லை. மகளையும் கூட்டிவந்து தண்ணீர் விட்டாளாம். நோம்பி முடிந்து நான் வந்து பார்த்தால் பாத்தி பூத்து நின்றது. சாயாமல் ஒவ்வொன்றுக்கும் புதுப் பனியன் கட்டு.

பையர் வந்தார்கள். உயரமான வெள்ளைக்கார அம்மா. கூட நாலைந்துபேர். சின்னவர், நாச்சிமுத்து சார், எல்லாரும் பாதையில் வந்தார்கள். நானும் பழனியம்மாளும் ஓரமாக நின்றோம். அந்த அம்மா ஃபோனில் பேசிக்கொண்டே வந்தார். ஃபோனில் பேசிக்கொண்டே பாத்தியைத் தாண்டினார். ஃபோனில் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு பார்வை! மகராசி, ஒரே ஒரு பார்வை பார்த்தால் குறைந்தா போவாய்? எனக்கு வந்த ஆத்திரத்தில் பூவாளியை உதைத்தேன், கால் வலித்ததுதான் மிச்சம்.

பழனியம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. "பாக்கவே இல்லீங்களே அக்கா" என்றாள். அவள் கணக்கில் எல்லாம் முடிந்துவிட்டது. பூ நின்றால் போதும் என்றுதான் பேச்சு என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து கட்டுகளைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் கார்களெல்லாம் போனபிறகு சின்னவர் மட்டும் தனியாக வந்தார். பாதையில் நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கிற ஆசையில் ஷூ காலோடு பாத்திக்குள் இறங்கினார்.

"ஏனுங்க! மிதிக்காதீங்க! வேரு போயிருமுங்க, வெளிய வாங்க மொதல்ல!"

நான் இல்லை. பழனியம்மாள். வருஷக்கணக்கில் அவளுக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. கத்திவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவர் ஒரே தாவலில் பாதைக்கு வந்தார். குனிந்து, தான் மிதித்த இடத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு, "இது எத்தனை நாளைக்குங்க பூக்கும்?" என்று அவளிடமே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"வாடினத அப்பப்பக் கிள்ளிக்கிட்டே இருந்தா, பங்குனி வரைக்கும் பூக்குமுங்க" என்றாள்.

"அப்ப நீங்களே கிள்ளிக்கிட்டே இருங்க" என்றார் சின்னவர். "காண்ட்ராக்ட்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. மயிலக்கா ரிட்டயர் ஆனதும் இந்தத் தோட்டத்த நீங்கதான் பாத்துக்கோணும். சரிங்களா?"

"சரிங்க" என்றாள்.

அவர் போனதும் அவள் பாத்திப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அந்த நிமிஷமே கிள்ள ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கவும் இல்லை. எது வாடியது, எது நல்லது என்று தெரியாமல் அன்றைக்குக் காலையில் மலர்ந்த பூவாகப் பார்த்துக் கிள்ளிக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பூ போகிறதே என்று நான் தடுக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.